கோயம்புத்தூரில் இருக்கிறேன். மீன் தொட்டி வைக்கும் முன் குழாய்த் தண்ணீரைச் சோதிக்க வேண்டுமா? டிடிஎஸ் மீட்டர் மட்டும் போதுமா?

கட்டாயம் சோதியுங்கள், அதுவும் மீன் வாங்குவதற்கு முன்பே. கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் மட்டும் போதாது. கோயம்புத்தூரில் இருப்பதாகக் கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் எந்தத் தண்ணீரைச் சோதிக்கிறீர்கள் என்பதிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

நம்ம ஊரில் பெரும்பாலான வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. சிறுவாணி அணையோ பில்லூர் அணையோ, அங்கிருந்து முறை வைத்து வருகிற நல்ல தண்ணி ஒன்று. போர்வெல்லிலிருந்து மோட்டார் போட்டு ஏற்றுகிற உப்புத் தண்ணி இன்னொன்று. வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிவது இந்த இரண்டாவதால்தான்.

ஆறு வருடத்துக்கு முன் முதல் தொட்டி வைத்தபோது, சமையலறைக் குழாயில் மீட்டரை நனைத்துப் பார்த்தேன். 180 காட்டியது. நல்ல தண்ணிதான் என்று நம்பி பத்து நியான் டெட்ரா வாங்கி விட்டேன். மூன்றாவது வாரம் பாதித் தண்ணீரை மாற்றினேன். மறுநாள் காலையில் ஆறு மீன்கள் மணல் மேல் கிடந்தன. மிச்சம் நான்கும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அந்த வாரம் நல்ல தண்ணி வரத் தாமதமாகி, அப்பா அதே மாடித் தொட்டிக்குப் போர்த் தண்ணியை ஏற்றியிருந்தார். குழாய் அதேதான், தண்ணீர் வேறு. கடினத்தன்மையும், அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச்சும் ஒரே நாளில் எகிறிவிட்டன. புதுத் தொட்டியில் மீன் கழிவால் வரும் அம்மோனியா எப்படியும் கொஞ்சம் இருக்கும். பிஎச் ஏற ஏற அதன் விஷமும் ஏறும். அந்த ஆறு மீன்களை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

அதனால் இரண்டு தண்ணீரையும் தனித்தனியாகச் சோதியுங்கள். மாடித் தொட்டியில் கலந்து வருவதை நம்ப வேண்டாம். டிடிஎஸ் என்பது கரைந்திருக்கிற எல்லா உப்பின் மொத்தக் கணக்கு. அதில் சுண்ணாம்பு எவ்வளவு, சாப்பாட்டு உப்பு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று மீட்டர் பிரித்துச் சொல்லாது. அதற்குச் சொட்டு மருந்து டெஸ்ட் கிட்தான் வேண்டும். ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை), கேஎச் (பிஎச்சைச் சட்டென்று மாறவிடாமல் தாங்கும் கார்பனேட் அளவு), பிஎச், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், இந்த ஆறும் பாருங்கள்.

ஜிஎச் பார்ப்பது சுலபம். கண்ணாடிக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நான் வைத்திருக்கும் கிட்டில் ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும்வரை எத்தனை சொட்டோ அத்தனை டிகிரி. எங்கள் நல்ல தண்ணி மூன்றாவது சொட்டிலேயே பச்சையானது. போர்த் தண்ணிக்குப் பதினைந்து, பதினாறு என்று எண்ணிக்கொண்டே போய் இருபத்திரண்டில்தான் மாறியது. கேஎச்சும் அப்படியே சொட்டு எண்ணித்தான், நல்ல தண்ணிக்கு 2, போர்த் தண்ணிக்கு 16.

பிஎச்சில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். போர்த் தண்ணியைப் பிடித்த உடனே பார்த்தால் தப்பான எண் வரும். பூமிக்கடியில் கரைந்த கரியமில வாயு அதில் இருக்கும், அது வெளியேறியதும் பிஎச் ஏறும். எனக்குப் பிடித்தவுடன் 7.2, ஒரு நாள் வாளியில் வைத்தபின் 8.2. அந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான் மீனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நைட்ரேட் டெஸ்டில் இரண்டாவது பாட்டிலை நன்றாக, கை வலிக்கக் குலுக்குங்கள். அடியில் படிந்த மருந்து கலக்காவிட்டால் நைட்ரேட் இருந்தாலும் இல்லாத மாதிரிக் காட்டும். உரம் போடுகிற வயல் பக்கமும் செப்டிக் டேங்க் பக்கமும் உள்ள போர்களில் இது அதிகமாக இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். குழாயிலேயே 40 இருந்தால் எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் தொட்டியில் அதற்குக் கீழே இறங்காது.

நல்ல தண்ணியில் குளோரின் இருக்கும். வாசனை வரவில்லை என்று அப்படியே ஊற்றி விடாதீர்கள். மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரினைப் பாட்டிலில் போட்ட அளவுப்படி விடுங்கள், இல்லை என்றால் ஏர் மோட்டார் போட்டு ஒரு நாள் வையுங்கள்.

அப்புறம் என்ன மீன்? கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் கடினத் தண்ணீரில் சந்தோஷமாக இருக்கும், போர்த் தண்ணியே அவற்றுக்கு ஒத்து வரும். நியான், கார்டினல் வேண்டுமென்றால் நல்ல தண்ணி. ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றி வளர்க்காதீர்கள். அதில் கேஎச் ஏறக்குறைய பூஜ்ஜியம், பிஎச் ஒரே இரவில்கூடச் சரிந்துவிடலாம்.

நான் இப்போது மூன்று வாளி நல்ல தண்ணிக்கு ஒரு வாளி போர்த் தண்ணி கலக்கிறேன். ஜிஎச் எட்டு சொட்டில் நிற்கிறது, பிளாட்டிகள் குட்டி போட்டுவிட்டன. தொட்டிக்கென்று மூடி போட்ட டிரம் ஒன்று தனியாக இருக்கிறது. அதில் மோட்டார் தண்ணி விழாதபடி அப்பாவே குழாயை மாற்றிக் கொடுத்தார்.