பென் டிரைவில் வந்த குற்றப்பத்திரிகை: கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: 2024 செப்டம்பரில் பதிவான மோசடி வழக்கில் என் தம்பி மீது குற்றப்பத்திரிகை தாக்கலாகியுள்ளது. முதல் வாய்தாவில் காகித நகல் தராமல் ஒரு பென் டிரைவை நீட்டி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டார்கள். அடுத்த வாய்தாவில் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லி வந்துவிட்டோம். காகித நகல் கேட்க உரிமை இல்லையா? போலீஸார் கைப்பற்றிய தம்பியின் செல்போனில் அவனுக்குச் சாதகமான வாட்ஸ்அப் உரையாடல்கள் இருக்கின்றன. ஆவணப் பட்டியலில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்கிறார் எங்கள் வழக்கறிஞர். என்ன செய்வது?

பதில்: உங்கள் தம்பியின் வழக்கு 2024 ஜூலை 1-க்குப் பிறகு பதிவானதால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 207-ஆவது பிரிவு அதற்குப் பொருந்தாது, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 230-ஆவது பிரிவே பொருந்தும். முதல் தகவல் அறிக்கை, இறுதி அறிக்கை (குற்றப்பத்திரிகை), அரசுத் தரப்பு விசாரிக்க உத்தேசிக்கும் சாட்சிகளின் வாக்குமூலங்கள் (போலீஸாரிடம் அளித்தவை; பழைய சட்டத்தின் 161-ஆவது பிரிவு புதியதில் 180 ஆகிவிட்டாலும் நீதிமன்றங்களில் இன்னும் '161 வாக்குமூலம்' என்றே சொல்கிறோம்), நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் பதிவான வாக்குமூலங்கள், அறிக்கையுடன் அனுப்பப்பட்ட மற்ற ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களை, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையான நாளிலிருந்து 14 நாட்களுக்குள் நடுவர் இலவசமாக வழங்கியாக வேண்டும். இந்தக் கால வரம்பு பழைய சட்டத்தில் இல்லை. ஆனால் அதே பிரிவு, மின்னணு வடிவில் தருவதையும் முறையாக வழங்கியதாகவே கருத வேண்டும் என்கிறது. ஆகவே காகித நகல்தான் வேண்டும் என்று வாதாடுவதில் பெரிய பயன் இருக்காது.

ஆனால் அந்தக் கையெழுத்தைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். புதிய சட்டத்தில் நகல் வழங்கிய நாளிலிருந்தே இரண்டு காலக்கெடுக்கள் ஓடத் தொடங்குகின்றன. நடுவர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும் உங்கள் தம்பியின் வழக்கு போன்றவற்றில், விடுவிப்பு மனுவை (சாட்சி விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரும் மனு) நகல் பெற்ற 60 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது 262-ஆவது பிரிவு. எதிர்த்தரப்பு ஆவணங்கள் உண்மையானவையா இல்லையா என்பதை 30 நாட்களுக்குள் ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ வேண்டும் என்கிறது 330-ஆவது பிரிவு. காரணத்தைப் பதிவு செய்து நீதிமன்றம் இந்த 30 நாள் வரம்பைத் தளர்த்தலாம் என்பது ஓர் ஆறுதல். திறக்காத கோப்புகளுக்கும் சேர்த்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், படிக்கவே முடியாத ஆவணங்களுக்கும் நாட்கள் ஓடத் தொடங்கிவிட்டதாக அரசுத் தரப்பு பின்னர் சொல்லக்கூடும்.

எனவே அடுத்த வாய்தாவுக்கு உங்கள் வழக்கறிஞர் மடிக்கணினியுடன் செல்லட்டும். 193(8) பிரிவின்படி காவல்துறை ஆவணங்களை வரிசைப்பட்டியலுடன் தர வேண்டும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பையும் திறந்து, பக்க எண்களைச் சரிபாருங்கள். சாட்சிப் பட்டியலில் பன்னிரண்டு பேர் இருந்து, வாக்குமூலங்கள் பத்துதான் இருந்தால், ஸ்கேன் செய்த மகஜரில் (பொருள்களைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன் எழுதிய பதிவில்) கையெழுத்துப் பகுதி மங்கிப்போயிருந்தால், ஒலிப்பதிவு ஓடவில்லை என்றால், அவற்றைக் குறிப்பிட்டு அன்றைக்கே நீதிமன்றத்தில் மெமோ (எழுத்துக் குறிப்பு) தாக்கல் செய்யுங்கள். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தின் அருகிலும் 'கீழ்க்கண்டவை நீங்கலாக' என்று எழுதுங்கள். மின்னணுச் சான்றுகள் இருந்தால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63(4) பிரிவுக்கான சான்றிதழும், அதில் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நகல் குறைபாட்டால் மட்டும் விசாரணை செல்லாததாகிவிடாது, பாதிப்பு ஏற்பட்டதைக் காட்ட வேண்டும் என்பது 1957-லிருந்தே உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. முதல் நாளே எழுப்பாத குறையைச் சாட்சி விசாரணை முடிந்த பின் எழுப்பினால், அதற்கு அதிக மதிப்பு கிடைப்பதில்லை.

வாட்ஸ்அப் உரையாடல்கள் குறித்த உங்கள் கவலை இதைவிட முக்கியமானது. காவல்துறை கைப்பற்றியும் தன் வழக்குக்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவைத்த பொருள்களைப் பற்றி 230-ஆவது பிரிவு எதுவும் சொல்லவில்லை. புதிதாகச் சட்டம் இயற்றிய வேளையிலும் நாடாளுமன்றம் இந்த இடத்தை நிரப்பாமல் விட்டது பெரும் குறை என்பதே என் உறுதியான கருத்து. குற்றவியல் விசாரணைக் குறைபாடுகள் தொடர்பாகத் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில், அத்தகைய வாக்குமூலங்கள், ஆவணங்கள், பொருள்களின் பட்டியலையும் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் கூறி, அதற்கேற்ப விதிகளைத் திருத்துமாறு எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் உத்தரவிட்டது. மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச மாநிலம் (2022) வழக்கிலும் இதையே வலியுறுத்தியது. "எங்கள் விதியில் அப்படி இல்லையே" என்ற பதில் வந்தால், தமிழ்நாட்டிலிருந்து சென்ற பி. பொன்னுசாமி வழக்கின் தீர்ப்பை (2022 நவம்பர்) காட்டுங்கள்: உயர் நீதிமன்றம் விதியை ஏற்றதா இல்லையா என்பதைப் பொறுத்தது அல்ல இந்த உரிமை என்று அதில் பெரும்பான்மை நீதிபதிகள் தெளிவுபடுத்தினர். அந்த மேல்முறையீடே தள்ளுபடியானது என்பதையும் மறக்க வேண்டாம். விசாரணை முடிந்து மேல்முறையீட்டுக் கட்டத்தில்தான் அங்கு பட்டியல் கேட்கப்பட்டது.

ஆகவே, பயன்படுத்தப்படாத பொருள்களின் பட்டியலைக் கோரும் மனுவை நகல் பெறும் நாளிலேயே தாக்கல் செய்யுங்கள். பட்டியல் வந்தாலும் உரையாடல்கள் உடனே கைக்கு வந்துவிடாது. அவற்றை வரவழைக்க நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவின் கீழ் தனி மனு வேண்டும். குற்றச்சாட்டு வனையும் முன் (எந்தக் குற்றங்களுக்கு விசாரணை என்று நீதிமன்றம் முறையாகப் பதிவு செய்யும் முன்) குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு ஆவணங்களை நீதிமன்றம் சாதாரணமாக வரவழைப்பதில்லை. ஆயினும், ஐயத்துக்கு இடமற்ற ஆவணத்தைப் புலனாய்வு அதிகாரி மறைத்திருந்தால் அந்தக் கட்டத்திலும் வரவழைக்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. உரையாடல் நடந்த தேதி, எந்த எண்ணுடன் நடந்தது, பணப் பரிமாற்றத்தைப் பற்றி அதில் என்ன பேசப்பட்டது ஆகியவற்றைத் தம்பியிடம் கேட்டு மனுவில் துல்லியமாக எழுதுங்கள். பொதுப்படையாக 'சாதகமான சான்றுகள்' என்று மட்டும் எழுதிய மனு நிற்காது.