சுற்றுலா விசாவில் போய் ஜெர்மனியில் தங்கிவிட முடியுமா?

கேள்வி: என் மகன் ஜெர்மனியில் புளூ கார்டு (உயர்தகுதி உள்ள வெளிநாட்டுப் பணியாளருக்கான குடியிருப்பு அனுமதி) பெற்று வேலை பார்க்கிறான். மருமகளைச் சுற்றுலா விசாவில் அனுப்பிவிட்டு, அங்கே போன பின் குடியிருப்பு அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்களே, சரிதானா?
– வாசகர், பெருந்துறை

பதில்: அந்தப் பேச்சை நம்பி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசா எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் தங்குவதற்கு மட்டுமே உரியது. கணவருடன் குடியிருக்க, இங்கிருந்தே குடும்ப இணைவுக்கான தேசிய விசாவுக்கு (ஜெர்மனி தரும் நீண்ட கால விசா) விண்ணப்பிக்க வேண்டும். புளூ கார்டு உள்ளவரின் மனைவியிடம் ஜெர்மன் மொழிச் சான்று கேட்பதில்லை என்பது பெரிய ஆறுதல். நம் பக்கத்தில் சிக்கல் வருவது வேறிடத்தில்: கல்யாணப் பத்திரிகையும் மண்டப ரசீதும் சான்றாகா, திருமணப் பதிவுச் சான்றுதான் வேண்டும், அதில் தந்தை பெயர் இனிஷியலாகவும் பாஸ்போர்ட்டில் முழுதாகவும் இருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அங்கே வீடு குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள், வீட்டு உரிமையாளரின் கடிதத்துடன் முகவரியைப் பதிவுசெய்து, விசா முடிவதற்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.