ஒரே வேலை செய்தால் ஒரே குடும்பமா?

கேள்வி: பாடநூலில் புரதக் குடும்பம், பெருங்குடும்பம் என்று வருகிறது. ஒரே வேலையைச் செய்யும் புரதங்களைத்தான் அப்படிச் சேர்த்துவைக்கிறார்களா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: இல்லை. புரதங்களுக்குள் உறவு சொல்லும்போது முதலில் பார்ப்பது வம்சாவளியை, வேலையை அன்று. ஒரே மூதாதைப் புரதத்திலிருந்து கிளைத்தவையே உறவினர். அந்த மூதாதை இன்று கிடைக்காது என்பதால், அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுள்ள வரிசையையும், அந்தச் சங்கிலி மடிந்து பெறும் வடிவத்தையும் கொண்டே உறவைக் கணிக்கிறார்கள். வரிசை நன்றாக ஒத்திருந்தால் குடும்பம். 1995இல் வெளிவந்த, புரத வடிவங்களைத் தொகுத்துவைக்கும் ஸ்கோப் வகைப்பாடு இதற்குப் பொதுவாக 30 விழுக்காடு வரிசை ஒற்றுமையை அளவாகக் கொண்டது. வரிசை ஒற்றுமை தேய்ந்துபோன பின்னும் வடிவமும் செயல்படும் விதமும் பொது மூதாதையைக் காட்டினால் பெருங்குடும்பம்.

ஆக்சிஜனைப் பற்றும் குளோபின் புரதங்களைப் பாருங்கள். 1960ஆம் ஆண்டளவில் அறிவியலாளர்கள் கென்ட்ரூ திமிங்கிலத் தசையின் மயோகுளோபினையும், பெரூட்ஸ் குதிரை இரத்தத்தின் ஹீமோகுளோபினையும் எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தபோது, இவற்றின் அமினோ அமில வரிசைகள் முழுமையாகத் தெரியவருமுன்பே, இரண்டின் சங்கிலிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி மடிந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. வரிசையில் இவை ஏறத்தாழ கால் பங்குதான் ஒத்துப்போகின்றன. இந்த உறவு விலங்குகளோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு: பயறுச் செடியின் வேர்முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே தெரிகிற இளஞ்சிவப்பு, லெக்ஹீமோகுளோபின் என்னும் தாவரக் குளோபினின் நிறம். நம் இரத்தப் புரதத்துடன் அதன் வரிசை ஒற்றுமை மிகக் குறைவு; ஆனாலும் அதே மடிப்பு, ஹீம் என்னும் இரும்புள்ள பகுதியின் இரும்பைப் பற்றியிருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் அதே இடத்தில்.

வேலையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். நம் கணையத்தில் உருவாகும் டிரிப்சினும், பேசிலஸ் பாக்டீரியாவின் சப்டிலிசினும் புரதங்களை வெட்டுபவை. இரண்டிலும் வெட்டும் இடத்தில் செரின், ஹிஸ்டிடின், அஸ்பார்டிக் அமிலம் ஆகிய அதே மூன்று அமினோ அமிலங்களும் ஒரே பாங்கில் அமைந்துள்ளன. ஆனால் டிரிப்சினின் சங்கிலியில் முதலில் வருவது ஹிஸ்டிடின், சப்டிலிசினில் அஸ்பார்டிக் அமிலம். மடிப்பும் முற்றிலும் வேறு. தனித்தனியே பிறந்து ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்த இவற்றை வெவ்வேறு பெருங்குடும்பங்களில்தான் வைக்கிறார்கள்.

இதற்கு மறுதலையும் உண்டு. கண்ணீரில் இருந்துகொண்டு பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைமும், பாலில் உள்ள ஆல்ஃபா லாக்டால்புமினும் ஒரே குடும்பம். பின்னது எந்தச் சுவரையும் உடைப்பதில்லை. தாயின் பால்சுரப்பியில் லாக்டோஸ் உருவாகத் துணைநிற்கிறது.