பஸ்ஸிலும் ரயிலிலும் ஆங்கிலம் பேசப் பழகுவது எப்படி?

இலக்கணம் ஓரளவு தெரிந்தும், வெளிநாட்டில் பஸ் ஏறினால் வாய் வரவில்லை என்கிறீர்கள்.

கேள்வியை மனப்பாடம் செய்துவிடலாம். பதில் சடசடவென்று வரும்போதுதான் திணறுகிறோம். அதனால் பதிலையும் சேர்த்தே பழகுங்கள். நண்பர் ஒருவரை டிரைவராக்கி, "டஸ் திஸ் பஸ் கோ டு தி ஏர்போர்ட்?" என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அவர் வேறு மாதிரி பதில் சொல்லட்டும்: "நோ, யூ வான்ட் தி தர்ட்டீன், அக்ராஸ் தி ரோட்." உடனே நீங்கள், "தர்ட்டீன்? ஒன் த்ரீ?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். 13-ம் 30-ம் காதில் ஒன்றுபோலவே விழும். தர்ட்டீனில் அழுத்தம் பின்பகுதியில், தர்ட்டியில் முன்பகுதியில். இங்கே தவறினால் தப்பான பஸ்ஸில் ஏறிவிடலாம்.

அப்புறம், நம்மில் பலர் இறங்குவதை 'கெட் டவுன்' என்போம். அங்கே 'கெட் ஆஃப்'. போய்வரும் டிக்கெட் பிரிட்டனில் 'ரிட்டர்ன்', அமெரிக்காவில் 'ரவுண்ட் டிரிப்'. 'சப்வே' இன்னும் வேடிக்கை: நியூயார்க்கில் அது ரயில், லண்டனில் சாலைக்கு அடியில் நடந்து போகும் பாதை!

சரி, ஒன்றுமே புரியவில்லையா? தலையாட்டிவிட்டு நகராதீர்கள். "சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?" என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.