முதல் மலை ராயக்கோட்டை. பழக வேண்டியது இறக்கம்

கேள்வி: பாலக்கோட்டில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 42. டிசம்பர் கடைசியில் தோழிகளோடு உத்தராகண்டில் கேதார்காந்தா மலைப்பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். இதுவரை மலை ஏறியதே இல்லை. தினமும் 5 கிலோமீட்டர் நடக்கிறேன், மூச்சு வாங்குவதில்லை. போவதற்கு முன் நம் பக்கத்தில் எந்த மலையில் ஏறிப் பார்க்கலாம்?

பதில்: ராயக்கோட்டை துர்க்கத்தில் ஏறுங்கள். உங்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். 1791இல் மைசூர்ப் போரில் திப்புவின் படையிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அது. படியும் பாறையும் கலந்த பாதை. வெறும் படிக்கட்டில் மட்டும் பழகிய கால் கரடுமுரடான மலையில் தடுமாறும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

மூச்சு வாங்குவதில்லை என்கிறீர்கள், நல்லது. ஆனால் புதிதாக மலைக்கு வருபவர்களை நான் பார்த்தவரை, மூச்சைவிடத் தொடைதான் அதிகம் படுத்துகிறது. அதுவும் இறங்கும்போது.

ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும். பிரேக்கில் கால் வைத்தபடியே லாரியைத் தொப்பூர் கணவாயில் இறக்குவது மாதிரி. அப்போதுதான் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வலி உச்சத்துக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை ஏறினால், செவ்வாய்க்கிழமை பள்ளி மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குவீர்கள். பயப்படாதீர்கள். அந்த வலியில் ஒரு வரம் இருக்கிறது: ஒருமுறை அடிபட்டுத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தை வெகு குறைந்த வலியோடு தாங்கும். பனியில் நாள் கணக்கில் நடக்கப்போகிற உங்களுக்கு, அந்த முதல் வலி இங்கேயே வந்து தீர்ந்துவிட வேண்டும்.

ஆகவே செப்டம்பரிலேயே தொடங்குங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாறை பாசி ஏறி வழுக்கும். முதல் தடவை பையில் குடிக்கத் தண்ணீர் மட்டும் போதும். இரண்டு வாரம் கழித்து, ஆறு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில்களைச் சுமந்து ஏறி, உச்சியில் பாதியைக் கொட்டிவிட்டு இறங்குங்கள். மூன்றாம் தடவை கொட்டாமல் இறங்குங்கள். மாற்றத்துக்கு அரூர்ப் பக்கம் தீர்த்தமலை இருக்கிறது. கோயில் வரை படி, குரங்குத் தொல்லை உண்டு, தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். கடைசிக் கடினமான ஏற்றம், ஊரைவிட்டுக் கிளம்ப பத்து நாளைக்கு முன்பே முடிந்திருக்கட்டும். அஞ்செட்டி, மேலகிரிக் காடுகளுக்குள் மட்டும் தனியாகப் போய்ப் பழக வேண்டாம். யானை நடமாடும் சரணாலயம் அது.

ஷூவும் இறக்கத்தில்தான் தன் குணத்தைக் காட்டும். ஒரு வருடம் தீர்த்தமலையிலிருந்து இறங்கி வந்து ஷூவைக் கழற்றினேன். கட்டைவிரல் நகம் அடியில் ரத்தம் கட்டிக் கருநாவல் நிறத்தில் இருந்தது. அடுத்த வாரம் நகமே கழன்றது. கடையில் நிற்கும்போது கச்சிதமாக இருந்த ஷூதான். நடக்க நடக்கப் பாதம் சற்றே வீங்கும், இறக்கத்தில் முன்னால் சறுக்கும். அதனால் மாலை நேரத்தில், போடப்போகிற தடித்த சாக்ஸோடு போய், அரை அளவு பெரியதாக வாங்குங்கள். கிளம்புமுன் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டினால் குதிகால் நகராது.

நாற்பதைத் தாண்டியிருப்பதால், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒருமுறை மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் ராயக்கோட்டை கற்றுத்தராது. கேதார்காந்தா உச்சி சுமார் 3,800 மீட்டர். 2,500 மீட்டருக்கு மேலே பிராணவாயு குறைவது உடம்புக்குத் தெரியத் தொடங்கும், எவ்வளவு பயிற்சி எடுத்தவரையும் அது பாதிக்கலாம். அங்கே வேகமாக ஏறாதீர்கள், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். தலைவலியோடு குமட்டலும் வந்தால் வழிகாட்டியிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு அடி ஏற வேண்டாம். ஓய்வெடுத்தும் குறையாவிட்டால், கட்டிய பணத்தை நினைக்காமல் இறங்கிவிடுங்கள்.