முதல்முறையாகக் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். கிளம்பும் முன் அவசியம் தெரிந்திருக்க வேண்டியவை என்ன?

அழகான கடற்கரை எது என்று கேட்காமல் இதைக் கேட்டீர்களே, நல்லது. அந்தப் பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கும்.

முதலில் நேரம். அந்தமான் சென்னையிலிருந்து கிழக்கே சுமார் 1,350 கிலோமீட்டர் தள்ளி, இந்திய நிலப்பரப்பை விட பர்மாவுக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் கடிகாரம் நம்முடையதே. அதனால் மே, ஜூனில் காலை ஐந்து மணிக்கே பளிச்சென்று விடிந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஓட்டலில் நிதானமாகச் சாப்பிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பலாம் என்று இருந்தால் பாதி நாள் போச்சு.

அடுத்து மழை. அங்கே தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, அதாவது மே தொடங்கி டிசம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் நனையலாம். குழந்தைகளோடு என்றால் ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் போய்விடுங்கள். நனைவது பெரிய விஷயமில்லை. கடல் கொந்தளித்தால் படகை ரத்து செய்துவிடுவார்கள், அதுதான் சிக்கல். ஹேவ்லாக் தீவிலிருந்து காலையில் படகு ஏறி மதியம் சென்னை விமானத்தைப் பிடிக்கலாம் என்று பயண ஏஜென்ட் போட்டுக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடைசி இரவு விமான நிலையம் இருக்கும் தலைநகர் போர்ட் பிளேரில்தான் தங்க வேண்டும்.

டிக்கெட்டில் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்: 2018 முதல் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப், நீல் தீவு ஷஹீத் த்வீப், 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஊரில் இன்னும் பலர் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

"நிக்கோபாரையும் பார்த்துவிட்டு வரலாமா?" என்று யாராவது கேட்பார்கள். முடியாது, சுற்றுலாப் பயணிகளுக்கு அங்கே பொதுவாக அனுமதி இல்லை. வெளியாட்களை ஏற்காத பழங்குடி மக்கள் வாழும் வடக்கு சென்டினல் தீவின் பக்கமே படகு போகக் கூடாது, அதைச் சுற்றி ஐந்து கடல் மைல் தூரம் தடை. பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள்ளே செல்கிறது. குறித்த நேரத்தில் வண்டிகளை வரிசையாக, போலீஸ் துணையோடு விடுவார்கள். வழியில் நிறுத்துவது, படம் எடுப்பது, தின்பண்டம் கொடுப்பது எல்லாமே குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், "ஜாரவாவைப் பார்க்கலாம்" என்று ஆசை காட்டி அந்தப் பயணத்தை விற்பதே எனக்குப் பிடிக்காது. அந்த ஒரு நாளை ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்குக் கொடுத்துவிடுங்கள்.

மொழிக் கவலை வேண்டாம். பொது மொழி இந்திதான், வங்காளிகள் அதிகம், ஆனாலும் தமிழர்கள் ஏராளம். போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் தமிழிலேயே பேரம் பேசலாம், இட்லி தோசையும் கிடைக்கும். தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள், அவர்களிடம் போய் "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டால் "இந்த ஊருதான்" என்று பதில் வரும்.

2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு இணையம் எவ்வளவோ மேல். ஆனால் சின்னத் தீவுகளில் திடீரென்று சிக்னல் போய்விடும், அப்போது ஃபோனில் பணம் கட்ட முடியாது, ஆகவே போர்ட் பிளேரிலேயே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முதலை. சும்மா பயமுறுத்தவில்லை, உப்புநீர் முதலைகள் அங்கே நிஜமாகவே உண்டு, 2010இல் ஹேவ்லாக்கில் ஓர் அமெரிக்கப் பெண் அப்படித்தான் இறந்தார். சதுப்புநிலக் காடும் ஓடையும் கடலில் சேரும் இடங்களில் குழந்தைகளை இறக்காதீர்கள், எச்சரிக்கைப் பலகை இருந்தால் மதியுங்கள். கரையில் கிடக்கும் பவளத்தையும் சங்கையும் பைக்குள் போட்டுக்கொள்ள விடாதீர்கள், விமான நிலையச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம்.

கப்பலில் போகலாமா என்று யோசிக்கிறீர்களா? சென்னையிலிருந்து கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும், கிளம்பும் தேதியும் அடிக்கடி மாறும். விடுமுறை ஒரு வாரம்தான் என்றால் விமானத்தில் போங்கள்.