பாட்டியின் பாத்திரங்களை எடைக்குப் போட்டுவிடலாமா, பிள்ளைகளுக்கு என்று வைத்திருக்கலாமா?

போடாதீர்கள். கேள்வியைப் படித்தாலே நிலைமை புரிகிறது. பாத்திரங்கள் பரணில் கிடக்கின்றன, நீங்கள் சின்ன வீட்டுக்கு மாறப் போகிறீர்கள், "இதையெல்லாம் யார் தேய்ப்பது?" என்று வீட்டில் யாரோ கேட்டுவிட்டார்கள்.

எங்கள் வீட்டிலும் அதேதான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய வீட்டை இடிக்கும்போது தம்பி போன் செய்தான். "அக்கா, பாத்திரக்காரர் வந்திருக்கார். பழசையெல்லாம் எடுத்துக்கிட்டு எவர்சில்வர் தர்றாராம். குடுத்துடவா?" நான் வரும்வரை ஒரு கரண்டியைக்கூடத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் வெண்கலப் பானையும் பித்தளை அண்டாவும் ஒரே குவியலாக, ஒரே விலைக்கு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். வெண்கலத்தில் செம்போடு சேர்வது வெள்ளீயம், அது செம்பைவிட விலை கூடியது. இரண்டையும் ஒன்றாக நிறுத்தால் நஷ்டம் யாருக்கு?

பானையை விரலால் சுண்டினேன். கணீரென்றது. வெண்கலம் கீழே விழுந்தால் விரிசல் விடும், விரிசல் விட்டால் சத்தம் அமுங்கிப் போகும். விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் பாட்டியுடைய அம்மாவின் பெயர். அதற்குக் கீழே பாட்டியின் பெயர். எல்லாவற்றையும் மூட்டை கட்டி என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பாத்திரத்துக்காகத் தம்பியோடு மல்லுக்கட்டினாள் என்று உறவில் இன்றும் பேசுகிறார்கள். பேசட்டும். எங்கள் அத்தைக்குக் கல்யாணம் ஆனது 1989க்கு முன்னால். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் அந்த வருடம் மார்ச் 25 முதல் சட்டம் வந்தபோது, அதற்கு முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டார்கள். நிலமும் வீடும் ஆண்களுக்குப் போயின, அத்தைக்குக் கிடைத்தது ஒரு குத்துவிளக்கும் இரண்டு தவலையும். பெண்கள் தங்கள் இஷ்டப்படி யாருக்காவது கொடுக்க முடிந்த பொருள் இவைதான். அதற்காகச் சண்டை போட்டால் அற்பம், வரப்புக்காக வெட்டிக்கொண்டால் கௌரவமா? கேட்டதற்குச் சம்பந்தமில்லை என்று தோன்றலாம். எனக்கு இது ஆறவில்லை.

சரி, பராமரிப்பு. பித்தளையில் உள்பூச்சு போயிருந்தால் புளி, தயிர், எலுமிச்சை எதையும் வைக்காதீர்கள், களிம்பு ஏறும். ஈயம் பூசுபவரைத் தேடிப் பிடியுங்கள். பாத்திரத்தைக் கரிநெருப்பில் காய்ச்சி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டு, பழந்துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிடுவார். குப்பென்று வெள்ளைப் புகை வரும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பூசிய பிறகு உள்ளே கம்பி நார் படக்கூடாது. வெளிப்புறத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாம், ஆனால் உடனே கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். தானாகக் காயவிட்டால் திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும்.

ரசத்துக்கான ஈயச்சொம்பைக் காலியாக அடுப்பில் ஏற்றவே கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். முதலில் புளித்தண்ணீர், அப்புறம் சிறுதீ. "ஈயம் விஷமாச்சே" என்று வருபவர்களுக்கு: விஷம் காரீயம். இது வெள்ளீயம். ஆனால் கலப்படமும் விற்கிறார்கள் என்பதால், பரம்பரைச் சொம்பே ஆனாலும் சந்தேகம் இருந்தால் உலோகம் சோதிக்கும் இடத்தில் காட்டாமல் சமைக்காதீர்கள்.

எவர்சில்வரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் வீட்டிலும் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் தினமும் வெண்கலப் பானையில் பொங்க முடியாது என்பதும் தெரியும். வாரத்துக்கு ஒருநாள் போதும். புழக்கத்தில் இல்லாத பாத்திரத்தை எந்தப் பிள்ளையும் வாங்கிக்கொள்ளாது. என் மகள் அந்தப் பானையைக் கேட்டது அதில் செய்த சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுத்தான். மகனுக்கு உருளி. பெண்ணுக்கு மட்டும்தான் பாத்திரம் என்ற கணக்கு என்னிடம் இல்லை.

நீங்கள் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள், எதை எப்படித் தேய்ப்பது என்று கையோடு செய்து காட்டி. யாருக்கு எது என்று பெயர் வெட்டிவிட்டால் பின்னால் தகராறு வராது. இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் வைத்திருக்கும் பிள்ளைக்கு ஈயச்சொம்போ வெண்கலப் பானையோ கொடுத்துப் பயனில்லை, அதில் சூடேறாது. அந்தப் பிள்ளைக்குக் குத்துவிளக்கைக் கொடுங்கள்.